காப்பர் (110)ல ஆக்சிஜன் விட்டதும் குறுக்குக் கோடு: சாம்பிள கழட்டாதீங்க
வணக்கங்க. காப்பர் (110)ங்கிற கிரிஸ்டல் தளத்து மேல ஆக்சிஜன் கொஞ்சம் விட்டதுமே எஸ்டிஎம் (தளத்து அணுங்கள காட்டுற நுண்ணோக்கி) படத்துல பழைய வரிசைக்கு குறுக்கால புதுக் கோடு வருது, ஸ்டெப் (தளத்துல அணு உயரத்துக்கு இருக்குற படி) ஓரம் அரிச்ச மாதிரி இருக்கு, கிரிஸ்டல தப்பா மாட்டிட்டேனான்னு கேட்டிருந்தீங்க. இல்லவே இல்ல, குறுக்குக் கோடு, ஓர அரிப்பு ரெண்டும் ஆக்சிஜன் செய்யுற ஒரே வேலைதான்.

ஆக்சிஜன் அணுவா ஒடைஞ்சு உக்காந்ததும் சும்மா ஒட்டிக்கிட்டு இருக்காது, ரூம் டெம்பரேச்சர்லயே ஸ்டெப் ஓரத்துலேருந்து காப்பர் அணுங்க கழண்டு தளத்து மேல அலைஞ்சிட்டு இருக்கும், ஆக்சிஜன் அதுங்கள புடிச்சு காப்பர், ஆக்சிஜன், காப்பர்னு பாசிமணி கோத்தாப்ல [001]ங்கிற கிரிஸ்டல் திசையில சங்கிலியா கட்டிடும், அடியில நெருக்கமா இருக்குற காப்பர் வரிசை ஓடுறது அதுக்கு செங்குத்தா, அதான் திரும்பிட்ட மாதிரி தெரியுது. அணுவ குடுத்த ஓரம் அரிக்கத்தானே செய்யும்! 1990 வாக்குலயே எஸ்டிஎம்ல இத நேரா பாத்துட்டாங்க, எனக்கு இன்னும் அலுக்காத படம் அது.

சங்கிலிங்க பட்டையா சேர்ந்த எடத்துல இடைவெளி அளந்து பாருங்க, 5.1 ஆங்ஸ்ட்ராம் கிட்ட வந்தா (2×1)தான், அதாவது ஒரு திசையில அடியில இருக்குற இடைவெளிக்கு ரெண்டு மடங்கு, லீட்லயும் (எலக்ட்ரான் விளிம்புவிளைவுப் படம்) வழக்கமான புள்ளிங்களுக்கு நடுவுல அரை ஆர்டர் புள்ளி தெரியணும். தளம் முழுக்க மூடினா ஆக்சிஜன் அரை மோனோலேயர், அதாவது தளத்து காப்பர் அணு ரெண்டுக்கு ஒரு ஆக்சிஜன். அதுக்கு மேல ரொம்ப நெறைய விட்டா சி(6×2)ன்னு வேற அமைப்பு வரும், அதனால இப்போதைக்கு டோஸ ஏத்தாதீங்க.