"ஏழைகள் வரியே கட்டுவதில்லை" என்றால் என்ன பதில்?

கட்டுகிறார்கள். பணக்காரருக்குக் கூடுதல் வரி வேண்டும் என்று நீங்கள் பேசும் பட்டிமன்றத்தில் இதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

"வரி கட்டாதவர்களுக்காகப் பணக்காரர் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்?" என்று எதிரணி கேட்டதும் நீங்கள் தடுமாறியது, வருமான வரியை மட்டுமே வரியாக நினைத்ததால் இருக்கும். 2017 ஜூலை முதல், பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் ஜிஎஸ்டி இருக்கிறதே!

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சோப்பு வாங்கி பில்லைப் பாருங்கள். மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி இரண்டும் இருக்கும். கூலிக்குப் போகிறவரும் கிரானைட் குவாரி முதலாளியும் அதே தொகைதான் கட்டுகிறார்கள். யாருடைய வருமானத்தில் அது பெரிய பங்கு?

அப்புறம், காவிரித் தண்ணீரை நம் ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஃப்ளோரைடு தண்ணீரால் பல் பழுப்பேறிய பிள்ளைகளோடு படித்தவன் நான். வசதியுள்ளவர் வீட்டிலேயே ஆர்ஓ மாட்டிக்கொள்வார். மற்றவர்களுக்குப் பொதுக்குழாய்தான். அந்தக் குழாய்க்கு யாராவது பணம் தரத்தானே வேண்டும்?

ஒரு எச்சரிக்கை: பணக்காரர் எதுவுமே கட்டுவதில்லை என்று பேசாதீர்கள், அது பொய். ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரிக்கு மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் உண்டு. இடைவெளி வேறு இடத்தில்: சம்பளத்துக்கு உச்ச விகிதம் 30 சதவீதம், சந்தையில் வாங்கிய பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற லாபத்துக்கு 12.5 தான். பெரும் சொத்து வைத்திருப்பவர்கள் கட்டிய செல்வ வரியையும் 2015 பட்ஜெட்டிலேயே எடுத்துவிட்டார்கள்.