யாழ்ப்பாணமா, வவுனியாவா, கொழும்பா? வீட்டிலிருந்து முதலாவதாகப் படிக்கப் போகிற தங்கச்சிக்கு

முல்லைத்தீவில் வணிகப் பிரிவில் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியும் வந்துவிட்டது, வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை, யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பில் ஒரு தனியார் நிலையம் மூன்றில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொழும்பை இன்றைக்கே தள்ளி வையுங்கள். பெறுபேறு வந்த பின்னும் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விளம்பரத் துண்டுகள் வீடு தேடி வருவது அந்த இடைவெளியில்தான். நானும் அப்படி ஒன்றை நம்பி, அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்து முற்பணம் கட்டினேன். பட்டத்தை வழங்குவது யார், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று கட்டிய பிறகுதான் கேட்டேன். பதிலும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அடுத்த காலபோக நெல்லை விற்றுத்தான் சங்கிலியை மீட்டோம். அம்மா இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

யாழ்ப்பாணமும் வவுனியாவும் அரச பல்கலைக்கழகங்கள், படிப்புக்குக் கட்டணம் இல்லை. வவுனியா என்றால் யாழ்ப்பாணத்தின் கிளைதானே என்று ஊரில் சொல்வார்கள். அது பழைய கதை. 2021 ஆகஸ்டிலிருந்து அது தனிப் பல்கலைக்கழகம். பட்டயக் கணக்காளராக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் யாழ்ப்பாணத்தை மேலே போடுங்கள். வளாகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நகரம் பக்கத்தில், வார இறுதி வகுப்புகளுக்குப் போய்வரலாம். திட்ட முகாமைத்துவம் பிடித்தால் வவுனியா. நான் வவுனியாவை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வளாகம் இருக்கிற பம்பைமடுவிலிருந்து வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் இரவுக்குள் எங்கட ஊர் விசுவமடுவில் இருப்பேன். அறுவடைக்கு ஆள் தேவைப்படுகிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. மகாபொல உதவித்தொகையும் உடனே கைக்கு வராது. எனக்கு முதல் பணம் வரும்வரை வீட்டு அரிசியும் தூளும்தான் விடுதிச் சமையல்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட என்னைத் திணறடித்தது ஆங்கிலம். கணக்கீட்டைத் தமிழில் படித்தவள் நான். முதல் வாரம் விரிவுரையாளர் 'டிப்ரிசியேஷன்' என்று பலகை நிறைய எழுதினார். பக்கத்தில் இருந்தவள் "அது எங்கட பெறுமானத்தேய்வு" என்று மெதுவாகச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கணக்கு முழுக்கத் தெரிந்த கணக்கு. அம்மாவின் கடைக் கடன் கொப்பியில் யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து எழுதியவள் நான். புத்தகம் வருமதி என்று சொல்வது அதைத்தானே. தனியார் நிலையத்துக்குக் கொடுக்க நினைக்கிற இந்த மாதங்களை உங்கள் கணக்கீட்டுப் புத்தகத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இடம் கிடைத்த பிறகு உட்கார்ந்து தெரிவு செய்ய முடியாது. விண்ணப்பத்தில் நீங்கள் போடும் விருப்பு ஒழுங்குதான் தெரிவு. அந்த ஒழுங்கில் மேலிருந்து பார்த்து, உங்கள் புள்ளிக்கு முதலில் எது எட்டுகிறதோ அதுவே கிடைக்கும். எனவே எட்டாது என்ற பயத்தில், உண்மையில் விரும்புகிற ஒன்றைக் கீழே தள்ளாதீர்கள். முன்னைய ஆண்டு வெட்டுப்புள்ளியை, அதாவது இடம் கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளியைப் பார்க்கும்போது கொழும்பு மாவட்டத்துக்குரியதைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு உட்பட வன்னி மாவட்டங்கள் நான்கும் அந்தப் பதினாறில் இருக்கின்றன.

இரண்டு இடமும் எட்டாவிட்டால், உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. அதுவும் அரச படிப்பு. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கும்.

விண்ணப்பத்தைத் தொலைத்தொடர்புக் கடையில் அவசரமாக நிரப்பிவிட்டு வராதீர்கள். முதலில் ஒரு தாளில் ஒழுங்கை எழுதி, உங்கள் பாடசாலையிலிருந்து போன அக்கா ஒருவரிடம் காட்டுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், முடிவுத் திகதிக்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.