வாப்பாவின் ஒயர் நாற்காலி

கேள்வி: வாப்பா வாங்கிய நான்கு ஒயர் நாற்காலிகளைக் கழித்துவிட்டு சோபா வாங்கலாம் என்கிறான் மகன். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, கீழக்கரை

பதில்: மஞ்சளும் பச்சையுமாகப் பின்னிய அந்த இருக்கையிலிருந்து எழுந்தால் தொடையில் வரிவரியாகத் தடம் பதிந்திருக்கும் என்பதால், சிறுவயதில் நானும் அதை வெறுத்ததுண்டு. ஆயினும், கடற்காற்றின் உப்பீரம் பஞ்சு மெத்தையில் தங்கிப் பூசணம் பிடிக்கும் உங்கள் ஊருக்கு, காற்றை ஊடே விடும் ஒயர் பின்னலே இதமானது. துருப்பிடிப்பது இரும்புக் குழாய்தான். கால்களின் ரப்பர் குமிழுக்குள் ஈரம் தேங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும் என்பதால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். உறுதியாக உள்ளவற்றை உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசி, புது ஒயர் பின்னச் செய்யுங்கள். அரித்துப்போனவற்றைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் மகன் விரும்பும் சோபாவைப் போடலாம். வாப்பா அமர்ந்த நாற்காலியை மட்டும், குழாயை மாற்றியாவது காப்பாற்றுங்கள்.