புதிய கேம் பாதியில் நின்றுபோகிறது: கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

சென்னிமலையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் தறிப்பட்டறை வைத்திருக்கிறேன். பெருந்துறையில் பொறியியல் படிக்கும் என் மகன், வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்றின் புதிய கேமை, அது வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பே பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையில் ரூ.4,999 கட்டி முன்பதிவு செய்தான். பணம் என் வங்கி அட்டையிலிருந்து போனது. கேம் வெளியாகி ஒன்பது நாட்கள் ஆகின்றன. அரை மணி நேரம் ஓடுவதற்குள் நின்றுவிடுகிறது. அதுவரை சேமித்து வைத்த ஆட்டமும் இரண்டு முறை அழிந்துபோனது. டவுன்லோடு செய்துவிட்டால் பணம் வராது, மூன்று மாதத்தில் அப்டேட் வந்து சரியாகிவிடும், பொறு என்கிறார்கள் அவனுடைய நண்பர்கள். ஈரோட்டில் ஒருவர், ரூ.1,500 கொடுத்தால் பணத்தைத் தானே வாங்கித் தருவதாகவும், பாஸ்வேர்டும் ஓடிபியும் மட்டும் சொன்னால் போதும் என்றும் சொல்கிறார். அதெல்லாம் வேண்டாம் என்று நான் வங்கியில் எழுதிக் கொடுத்துப் பணத்தை நிறுத்திவிடலாமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதென்றால் கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறதே?"

பதில் அளிப்பவர், கோவையைச் சேர்ந்த நுகர்வோர் வழக்கறிஞர்:

மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால், அந்த ஈரோட்டு நபருக்குப் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ எக்காரணம் கொண்டும் தராதீர்கள். ரீஃபண்ட் கேட்பதற்குக் கட்டணமும் கிடையாது, இடைத்தரகரும் தேவையில்லை. வாங்கியவரே தன் கணக்கிலிருந்து கேட்க வேண்டிய ஒன்றை வேறொருவர் கூலி வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்று வந்தால், அவருடைய நோக்கம் ரூ.1,500 மட்டுமாக இருக்க முடியாது. பாஸ்வேர்டு கைக்குப் போனதும் கணக்கிலுள்ள மின்னஞ்சல் முகவரியை மாற்றிவிடுவார்கள்; தங்கள் மகன் இதுவரை வாங்கிய எல்லாக் கேம்களும் அந்தக் கணக்கோடு போய்விடும். அப்படிப் பறிக்கப்படும் கணக்குகள்தான் டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் "பிரைமரி அக்கவுண்ட்", "செகண்டரி அக்கவுண்ட்" என்று கூறுபோட்டு, பாதி விலைக்கு வேறு மாணவர்களிடம் விற்கப்படுகின்றன. விற்றவனிடம் பில் கிடையாது. வாங்கியவனுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் மிஞ்சாது. இதே ரகத்தைச் சேர்ந்ததுதான், கூகுளில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" கைபேசி எண். அழைத்தால் அன்பாகப் பேசி, நம் கைபேசியைத் தூரத்திலிருந்தே இயக்க விடும் எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்வார்கள், பிறகு வங்கிக் கணக்கையே துடைத்துவிடுவார்கள். கேம் ஓடும் கருவியான கன்சோலிலோ, பிளேஸ்டேஷனின் அதிகாரபூர்வ இணையதளத்திலோ உள்ள உதவிப் பகுதி ஒன்றுதான் வழி. ஒருவேளை ஓடிபி ஏற்கெனவே போய்விட்டது என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

வங்கியில் எழுதிக் கொடுத்துப் பணத்தை நிறுத்துவதும் வேண்டாம். சார்ஜ்பேக் எனப்படும் அந்த முறை, முக்கியமாக அட்டை திருடுபோய்த் தங்களுக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்ட நேர்வுக்குப் பொருத்தமானது. தாங்களே மனமறிந்து கட்டிய பணத்தை வங்கி வழியாகப் பிடுங்கினால், கடை அதைப் பாக்கியாகக் கருதி மகனுடைய கணக்கை முடக்கிவிடும். அந்தப் பாக்கியைத் தீர்க்கும்வரை பழைய கேம்களையும் தொட முடியாது. வங்கி ஊழியர் இதை எடுத்துச் சொல்வதில்லை, படிவத்தை நீட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது.

இனி, பணம் திரும்ப வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். பிளேஸ்டேஷன் கடையின் விதிப்படி, வெளியீட்டுக்கு 14 நாட்களுக்கும் மேல் முன்னதாகச் செய்த முன்பதிவை வெளியீட்டு நாள் வரை ரத்து செய்யலாம். தங்கள் மகன் ஒரு மாதம் முன்பே கட்டியதால் அந்த வாசல் கேம் வெளியான நாளன்றே மூடிவிட்டது; பலரும் நினைப்பது போல, வெளியான பிறகு புதிதாக 14 நாட்கள் எண்ணப்படுவதில்லை. டவுன்லோடு தொடங்கிய பிறகு பணம் இல்லை என்று நண்பர்கள் சொல்வதும் பொதுவாகச் சரிதான். ஆனால் அவர்கள் அந்த விதியின் கடைசிச் சொற்களைப் படிக்கவில்லை. உள்ளடக்கம் குறைபாடுடையதாக இருந்தால் தவிர, என்று அதில் ஒரு விலக்கு இருக்கிறது. தங்கள் வழக்கு முழுவதும் அந்த விலக்கில்தான் நிற்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறைபாடு வேறு, ஏமாற்றம் வேறு. கதை சப்பென்று இருக்கிறது, முன்னோட்டத்தில் பார்த்த அழகு ஆட்டத்தில் இல்லை, சிறுவயதில் விளையாடிய முந்தைய பாகம் போல இல்லை என்பவை ஏமாற்றங்கள். இவற்றை எழுதி அனுப்பினால் ஒரே நாளில் மறுப்பு வந்துவிடும். ஆட்டம் நடுவில் நின்று கன்சோல் முகப்புக்குத் திரும்பிவிடுவது, சேமித்தது அழிவது, ஒரு கட்டத்தைத் தாண்டவே முடியாமல் போவது, வாங்கும்போது இருக்கிறது என்று சொல்லப்பட்ட ஒரு பகுதி திறக்காமலே இருப்பது ஆகியவை குறைபாடுகள். இளைஞர்கள் ஆத்திரத்தில் இரண்டையும் கலந்து, "கேம் குப்பை, பணத்தைக் கொடு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு மறுப்பதற்கு அதைவிட எளிதான கடிதம் கிடைக்காது. தங்கள் மகனிடம் இருப்பது இரண்டு கெட்டியான குறைபாடுகள், நிற்பதும் அழிவதும். அந்த இரண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள், கிராபிக்ஸ் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

அதற்குச் சான்று கன்சோலிலேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸ் பகுதிக்குள் சிஸ்டம், அதற்குள் சிஸ்டம் சாஃப்ட்வேர், அதற்குள் எரர் ஹிஸ்டரி என்று போனால், ஆட்டம் நின்ற ஒவ்வொரு முறையும் நாள், நேரம், பிழை எண் ஆகியவற்றோடு வரிசையாகப் பதிவாகியிருக்கும். ஆட்டமோ செயலியோ நின்றுபோகும்போது பெரும்பாலும் சிஇ-108255-1 என்ற எண் தென்படும். அந்தத் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நிற்கும் தருணத்தையும் காணொளியாக எடுங்கள். அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள், கன்சோல் மென்பொருளைப் புதுப்பியுங்கள் என்று உதவிப் பகுதியில் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாமல் செய்து, செய்த பிறகும் நின்றதை மீண்டும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவர்கள் சொன்னதைச் செய்யவில்லை என்ற ஒரு காரணத்தை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிடக் கூடாது. உதவிப் பகுதியின் சாட்டில் நடந்த உரையாடலை முழுவதுமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், மூடினால் அது மறைந்துவிடக்கூடும்.

இன்னொன்று, புகார் அனுப்பிய பிறகு, அவர்கள் செய்யச் சொன்ன சோதனைக்காகத் தவிர அந்தக் கேமை விளையாடக் கூடாது. மில்லிலிருந்து வந்த நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்தும், பாவு முழுவதையும் ஓட்டி நெய்து முடித்த பிறகு நூல் சரியில்லை என்று சொன்னால் மில்காரர் ஏற்பாரா? நாற்பது மணி நேரம் ஆடியவருக்குக் குறைபாட்டை நிரூபிப்பது அவ்வளவு கடினம். ஆடிய நேரம் அவர்களுடைய கணினியில் இருக்கிறது.

பொறுத்திருக்கச் சொல்லும் நண்பர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. 2020 டிசம்பர் 10 அன்று போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் சைபர்பங்க் 2077 என்ற கேமை வெளியிட்டது. உலகெங்கும் 80 லட்சம் முன்பதிவுகள். வெளியீட்டுக்கு முன்னர் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டும் கொடுத்திருந்தார்கள். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கன்சோல்களில் அது எப்படி ஓடுகிறது என்பது பணம் கட்டியவர்கள் தங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. புகார்கள் குவிந்தன. நான்கே நாட்களில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வேண்டாதவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றது. ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனை நடத்தும் சோனி தன் கடையிலிருந்து அந்தக் கேமையே எடுத்துவிட்டு, முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூன் 21 அன்றுதான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. டவுன்லோடு செய்துவிட்டாயே, விளையாடிவிட்டாயே என்ற கேள்வியெல்லாம் அப்போது எங்கே போயிற்று? விதி மாறவில்லை, முதல் வாரத்தில் எழுத்துமூலமாக வந்த புகார்களின் எண்ணிக்கைதான் மாறியது. ஆகவே ஒருவருடைய புகார் எதற்கு உதவும் என்று எண்ண வேண்டாம்.

சரியாகிவிடும் என்று பொறுத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அந்தக் கேம் நல்ல பெயர் வாங்கக் காரணமான 2.0 அப்டேட் 2023 செப்டம்பரில் வந்தது. அதற்குள், வழக்குப் போட நம் நுகர்வோர் சட்டம் தரும் இரண்டு ஆண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, அந்த அப்டேட் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் தரப்படவே இல்லை. யார் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டார்களோ அவர்களே வெளியே விடப்பட்டார்கள். அப்டேட் வரும் என்பது சட்டத்தின் கண்ணில் வாக்குறுதிகூட இல்லை, நம்பிக்கை மட்டுமே. வந்து நன்றாக ஓடினால், பணத்தைத் திரும்பப் பெற்ற பிறகு குறைந்த விலையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாமே.

கடையின் உதவிப் பகுதி மறுத்துவிட்டால், அதற்கு மேல் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் டிஜிட்டல் பொருட்களுக்கும் பொருந்தும். இந்தியாவில் பதிவு செய்யாத நிறுவனமாக இருந்தாலும், இங்குள்ளவர்களுக்கு முறையாக விற்பனை செய்கிறது என்றால் விதிகள் அதைக் கட்டுப்படுத்தும். அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிய கையோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், தமிழில் பேசலாம். என் அனுபவத்தில், இந்த அளவுள்ள தொகைகளில் பல இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எதிராளி எங்கே இருந்தாலும் தாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய உதவி. கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியாகவே மனுவைத் தாக்கல் செய்யலாம். தகராறை வெளிநாட்டு நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அத்தகைய நடுவர் மன்ற நிபந்தனை நுகர்வோர் ஆணையத்தின் வாசலை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. மின்னஞ்சலில் வந்த ரசீதில் விற்பவர் என்று எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதுவே எதிர்மனுதாரர். கேமை உருவாக்கிய ஸ்டுடியோவை மட்டும் சேர்த்துவிட்டுப் பணம் வாங்கியவரை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் இதில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. வெளிநாட்டு முகவரிக்கு நோட்டீஸ் சேருவதற்கே மாதங்கள் போய்விடுகின்றன. ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2021-இல் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. தறியை நிறுத்திவிட்டு ரூ.4,999-க்காக எத்தனை முறை ஒருவர் ஈரோட்டுக்கு வந்துபோக முடியும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எளிய வழக்கு என்று பெயர் வைத்துவிட்டு, எளியவர் சலித்துப்போய் விட்டுவிடும் அளவுக்கு இழுப்பது அநியாயம். காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்டு மனுவோடு ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அப்படிக் கேட்பது தங்கள் உரிமை.

கேமை டிஸ்காக வாங்கும் வாசகர்களுக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை. "பில் வேண்டாம்னா முந்நூறு ரூவா கொறைச்சுத் தர்றனுங்க" என்று கடைக்காரர் சொன்னால், அந்த முந்நூறு ரூபாய்க்கு நம் உரிமை அனைத்தையும் அவரிடமே விற்றுவிடுகிறோம் என்று பொருள். பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அந்த வாசகம் கடையைக் காப்பாற்றாது. பில்லில் காலக்கெடு எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் சொல்கிறது. "கவர் பிரிச்சாப் போச்சுங்க" என்பது கடைக்காரரின் சட்டமே தவிர நாட்டின் சட்டம் அன்று, பிரிக்காமல் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது? கணினியில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடை வழியாக வாங்குபவர்களுக்கு வழி எளிது: வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், எந்தக் காரணம் சொன்னாலும் தருகிறார்கள். வெளியே மலிவாகக் கிடைக்கும் "கீ" எனப்படும் குறியீட்டை வாங்கிப் போட்டவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

தங்கள் வழக்கில் கடைசியாக ஒரு சிக்கல் வரக்கூடும். கணக்கு மகன் பெயரில், பணம் போனது தங்கள் அட்டையிலிருந்து. நீங்கள் விளையாடவில்லை, அவர் பணம் கட்டவில்லை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட இடம் கொடுக்க வேண்டாம். வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோரே. மின்னஞ்சலிலும், 1915 பதிவிலும், பின்னர் மனு போட நேர்ந்தால் அதிலும், தந்தை மகன் இருவர் பெயரையும் போட்டு, அட்டைக் கணக்கின் அந்த ஒரு வரி தெரியும் வங்கி அறிக்கைப் பக்கத்தையும் ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் மின்னஞ்சல் இன்று இரவே போகட்டும்.