மூன்றாவது கடையை மூடலாமா?

கேள்வி: ஈரோட்டில் இரண்டு பேக்கரி நடத்துகிறேன். இரண்டும் நன்றாகப் போகின்றன. இரண்டு வருடங்களுக்கு முன்பு பைபாஸ் பக்கம் மூன்றாவது கடை திறந்தேன். அட்வான்ஸ் 5 லட்சம், மற்ற செலவு 18 லட்சம். மாதம் 60, 70 ஆயிரம் கையைக் கடிக்கிறது. அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனர், ‘தீபாவளி தாண்டட்டும் மாமா, பிக்கப் ஆயிடும்’ என்கிறார். 23 லட்சம் போட்டாச்சே என்று மூட மனம் வரவில்லை. என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் அந்த 23 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். அட்வான்ஸ் எங்கும் போய்விடவில்லை, காலி செய்தால் திரும்ப வர வேண்டிய பணம் அது. (எத்தனை மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.) ஓவன், மிக்ஸர், ஷோகேஸ், ஃப்ரீசர் எல்லாம் மற்ற கடைகளுக்குப் போகும், இல்லையென்றால் பாதி விலைக்காவது போகும். நிஜமாகவே போனது டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், எலக்ட்ரிகல் வேலை, போர்டு. கடையை மூடினாலும் நடத்தினாலும் அந்தப் பணம் இனி வராது. அப்படியென்றால், அடுத்த மாதம் என்ன செய்வது என்ற கேள்விக்குள் அது வரவே கூடாது.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மனசு கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. இழப்பைச் சந்திக்கும்போது மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் விளக்கினார்கள். நிச்சயமான ஒரு நஷ்டத்தையும், இன்னும் பெரிதாகப் போகலாம் அல்லது தப்பித்தாலும் தப்பிக்கலாம் என்ற சூதாட்டத்தையும் முன்னால் வைத்தால், பெரும்பாலோர் சூதாட்டத்தையே எடுக்கிறார்கள். உங்கள் மைத்துனர் சொல்லும் தீபாவளி அந்தச் சூதாட்டம்தான்.

உங்கள் விஷயத்தில் இதைவிட முக்கியமானது நிர்வாகவியல் ஆய்வாளர் பாரி ஸ்டா 1976-இல் வெளியிட்ட ஆய்வு. வணிகம் படிக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் ஒரு நிறுவனத்தின் பணத்தை இரண்டு பிரிவுகளில் ஒன்றுக்கு ஒதுக்கச் சொன்னார். பிறகு, அந்தப் பிரிவு சரியாகப் போகவில்லை என்று சொல்லி, மறுபடி பணம் கொடுத்தார். முதல் முடிவு வேறொருவருடையது என்று சொல்லப்பட்டவர்கள் கையை ஓரளவு இழுத்துக்கொண்டார்கள். தானே தேர்ந்தெடுத்தவர்கள் தோற்ற பிரிவுக்கே அதிகமாகக் கொட்டினார்கள். பைபாஸ் கடையின் இடத்தைப் பார்த்ததும் நீங்கள், திறந்ததும் நீங்கள். அதனால் இந்தக் கடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஊரிலேயே தகுதி குறைந்த ஆள் நீங்கள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கம்ப்யூட்டர் சிப் செய்யும் அமெரிக்க நிறுவனமான இன்டெல் இதே சிக்கலில் மாட்டியது. தகவலைச் சேமித்து வைக்கும் மெமரி சிப்தான் அவர்களை வளர்த்தது. ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் அது நஷ்டத் தொழிலாகியும் விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1985-இல் நிறுவனத்தின் பிரசிடென்ட் ஆண்ட்ரூ குரோவ், அதன் தலைமை நிர்வாகி கார்டன் மூரிடம் ஒன்று கேட்டார்: நம்மை வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஒருவரை உட்கார வைத்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய்விட்டு உள்ளே வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். செய்தார்கள். வலிக்காமல் இல்லை, ஆட்குறைப்பும் 1986-இல் பெரிய நஷ்டமும் வந்தன. ஆனால் நிறுவனம், கம்ப்யூட்டரின் மூளையான மைக்ரோபிராசஸர் பக்கம் முழுதாகத் திரும்பியது.

நீங்கள் வெளியூரில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பிடியுங்கள். உங்கள் ஆடிட்டர் வேண்டாம், அவருக்கு எல்லாம் தெரியும். அந்தக் கடையின் ஆறு மாத விற்பனை, வாடகை, சம்பளம், கரண்ட் பில், ரிட்டர்ன் சரக்கு எல்லாவற்றையும் கொடுத்து, ‘இப்படி ஒரு கடை விலைக்கு வருகிறது, வாங்கலாமா?’ என்று கேளுங்கள். நல்ல மாஸ்டர் யாரையாவது பழைய கடையிலிருந்து அங்கே அனுப்பியிருந்தால், பழைய கடையில் பன்னும் பிரெட்டும் எப்படி இருக்கின்றன என்றும் பாருங்கள். அந்த நஷ்டம் எந்த நோட்டிலும் எழுதப்படாது.

தீபாவளி வரை பொறுப்பதென்றால் சரி, ஆனால் தினசரி விற்பனை எவ்வளவு வந்தால் கடை தொடரும் என்பதை இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். தீபாவளி வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அந்த வாரம் எந்தக் கடையிலும் கூட்டம்தான். அதற்கடுத்த நாலு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மைத்துனர். கடை போனால் தன் வேலையும் போகுமோ என்ற பயம் அவருக்கு இருக்காதா? மூடினால் அவருக்கு எந்தக் கடை, என்ன பொறுப்பு என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு வியாபாரம் எப்படி என்று கேளுங்கள். வேறு பதில் வந்தாலும் வரலாம்.