சப்பாத்திக் கள்ளியும் 570 ஊராட்சிகளும்

அன்புள்ள ஐயா,

மெக்ஸிகோ பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. வஹாக்கா மாநிலத்தில் 570 ஊராட்சிகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மொத்த மெக்ஸிகோவிலும் சுமார் 2,500தான் என்றால் ஒரே மாநிலத்தில் எப்படி இவ்வளவு? அதே பத்தியில், ஒரு காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடியாக ஏற்றுமதியான சாயப்பொருள் இங்கே விளைந்தது என்கிறீர்கள். இன்று நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று என்றும் சொல்கிறீர்கள். அவ்வளவு பணமும் எங்கே போயிற்று? நான் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பூச்சியிலிருந்து சாயம் எடுப்பது இன்றைக்குக் கட்டுப்படியாகுமா என்பதையும் சொன்னால் நல்லது.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. சாயத்தில் வந்த பணம் வஹாக்காவை விட்டு வெளியே போய்விட்டது. ஆனால் அதை விளைவித்த ஊர்களின் நிலம் பெருமளவு ஊர்க்காரர்களிடமே தங்கிவிட்டது. இரண்டிலும் அந்தப் பூச்சிக்குப் பங்கு உண்டு.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். மெக்ஸிகோவின் தெற்கே, பசிபிக் கரையோரம் இருக்கிறது வஹாக்கா. பரப்பு சுமார் 94,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 41 லட்சம். வரைபடத்தில் விசாலமாகத் தெரியும், ஆனால் சமதளம் என்று சொல்ல அதிகம் கிடையாது. வடக்கிலிருந்து வரும் மலைத்தொடரும் தெற்கு சியெரா மாத்ரேயும் இங்கேதான் வந்து முட்டிக்கொள்கின்றன. நடுவே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் எட்லா, த்லாகொலூலா, சிமத்லான் என்று மூன்று பள்ளத்தாக்குகள் கூடுகின்றன. கூடும் இடத்தில் தலைநகர். அங்கிருந்து புவேர்த்தோ எஸ்கொந்தீதோ கடற்கரைக்கு மலையைச் சுற்றிச் சுற்றித்தான் இறங்க வேண்டியிருந்தது. நேர்ச்சாலையை 2024இல்தான் திறந்தார்கள். ஒரு முகடு தாண்டினால் வேறு மொழி. 16 பூர்வகுடி மக்களினங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் உள்ளன. சபோடெக் என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவதிலேயே ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு அடுத்த மலைக்காரருக்குப் புரியாது. ஆக, ஊர்கள் தனித்தனியாக நின்றதற்கு மலையும் ஒரு காரணம். அதை மறுக்கவில்லை. ஆனால் மலை மட்டும்தான் காரணம் என்றால் மெக்ஸிகோவின் மற்ற மலை மாநிலங்களிலும் இதே எண்ணிக்கை வந்திருக்க வேண்டுமே!

பள்ளத்தாக்கில் மனிதர்கள் விவசாயம் பழகியது மிகப் பழைய கதை. மித்லா ஊருக்கு அருகிலுள்ள கிலா நாகிட்ஸ் குகையில் சுமார் 10,000 ஆண்டுப் பழமையான பூசணி விதைகள் கிடைத்தன. 6,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மக்காச்சோளக் கதிர்த்தண்டுகளும் அதே குகையில்தான். பொ.ஆ.மு. 500 வாக்கில் சபோடெக் மக்கள், பள்ளத்தாக்கிலிருந்து 400 மீட்டர் உயர்ந்த ஒரு குன்றின் தலையைச் சமன்படுத்தி மான்தே ஆல்பன் நகரைக் கட்டினார்கள். தண்ணீர் வசதியில்லாத மேட்டில் போய் நகரம் அமைத்திருக்கிறார்கள். மூன்று பள்ளத்தாக்குகளும் அங்கிருந்து தெரியும் என்பதுதான் அந்த இடத்தின் மதிப்பு. அங்கே 300க்கும் மேற்பட்ட கற்பலகைகளில் கைகால் கோணிய நிர்வாண உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. முதலில் பார்த்தவர்கள் நடனக்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். வெட்டிக் கொல்லப்பட்ட கைதிகளாக இருக்கலாம் என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. சுமார் 1,300 ஆண்டுகள் நீடித்து நகரம் காலியானது. அப்புறம் மிஷ்டெக் மக்கள் பள்ளத்தாக்குக்குள் வந்தார்கள். 1932இல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ மான்தே ஆல்பனின் 7ஆம் கல்லறையைத் திறந்தபோது கிடைத்த தங்க நகைகள் அவர்கள் கைவேலைதான்.

15ஆம் நூற்றாண்டில் மத்திய மெக்ஸிகோவை ஆண்ட அஸ்தெக்குகள் வந்து கப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். இஸ்பானியர் காலத்தில் தொகுக்கப்பட்ட மெந்தோசா சுவடியில் அந்தக் கப்பப் பட்டியல் படமாகவே இருக்கிறது. மிஷ்டெக் ஊரான கோயிஷ்ட்லவாகா பகுதி கொடுக்க வேண்டிய பொருள்களில் துணி, தங்கத்தூள், பச்சை இறகு, இவற்றோடு 40 பை கோச்சினீல். நீங்கள் கேட்கும் பூச்சி அதுதான்.

தொழில்காரர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சப்பாத்திக் கள்ளியின் தட்டையான மடல்மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோலத் தெரியும் அல்லவா? அந்தப் பஞ்சை விரலால் நசுக்கினால் ரத்தச் சிவப்பு. பெண்பூச்சி பிறந்த சில நாளில் மடலில் ஊசிவாயைச் செருகிக்கொண்டு, சாகும்வரை நகராது. ஆணுக்கு இறக்கை உண்டு, சாயத்துக்கு உதவாது. வளர்ப்பவர்கள் முட்டையிடும் பருவத்துப் பெண்பூச்சிகளைப் பனையோலையில் பின்னிய சின்னக் கூட்டில் போட்டு, மடலில் முள்ளால் குத்திவைப்பார்கள். குஞ்சுகள் ஊர்ந்து வெளியே வந்து தாமே இடம் பிடித்துக்கொள்ளும். சுமார் மூன்று மாதம் கழித்து, மான்வால் மயிர் போன்ற மென்மையான எதையாவது வைத்து ஒவ்வொரு மடலாகத் துடைத்து எடுப்பார்கள். வெந்நீரில் போட்டோ, வெயிலில் பரப்பியோ, அடுப்புச் சூட்டிலோ கொன்று காயவைப்பார்கள். ஒரு பவுண்டுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு கார்மினிக் அமிலம். சிவப்பைத் தருவது அதுதான்.

இந்த வேலையில் அடிமைக் கும்பலை இறக்கி வேகப்படுத்த முடியாது. ஒரு நாள் பலத்த மழை, ஓர் இரவு உறைபனி போதும், மொத்தமும் போய்விடும். கோழி, எறும்பு, பல்லி எல்லாம் எதிரிகள். பாய் போட்டு மூட வேண்டும், தினமும் மடலைப் பார்க்க வேண்டும். பொறுமையும் பழக்கமும் உள்ள குடும்பம், வீட்டுக் கொல்லையில் சில வரிசைக் கள்ளியை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது. பெரும்பண்ணை போட்டுப் பார்த்தவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கரும்பு விளைந்த இடங்களில் நிலத்தைப் பிடுங்கிப் பண்ணை அமைத்த இஸ்பானியர்கள், இங்கே நிலத்தை எடுத்துக்கொண்டால் சாயம் வராது என்று சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். காலனிக் காலம் முடியும்போதும் வஹாக்கா பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடி ஊர்களின் கையில் இருந்தது.

அதற்காக அவர்களை நிம்மதியாக வாழவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ‘அல்கால்தே மாயோர்’ என்ற மாவட்ட அதிகாரிதான் வியாபாரியும். மெக்ஸிகோ நகர வணிகர்களிடம் கடன் வாங்கி வந்து, ஊர்க்காரர்களுக்கு முன்பணம் கொடுப்பார், வேண்டாம் என்றாலும் கொடுப்பார். வழக்கமான விலை பவுண்டுக்கு 12 ரேயால் (இஸ்பானிய வெள்ளி நாணயம்). 1770களின் தொடக்கத்தில் சந்தையில் அதே பவுண்டு 30 ரேயாலைத் தாண்டியது. இது அப்பட்டமான கொள்ளையா, விளைச்சல் பொய்த்தால் திரும்பாத கடனுக்கு வைத்த வட்டியா என்று வரலாற்றாய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பணம் கொடுத்தவரே நீதிபதியாகவும் இருந்தார் என்பதால் நான் முதல் கட்சி. 1660இல் தெவாந்தெபெக் ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட கட்டாய வியாபாரம் தாங்காமல் தங்கள் அதிகாரியைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். அங்கே பிரச்சினை பருத்தித் துணி.

சாயம் வெராகுருஸ் துறைமுகம் வழியாக இஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், லண்டன் என்று பரவியது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் சிவப்புக் கோட்டும் கர்தினால்களின் அங்கியும் இதில் தோய்ந்தவை. லாபம் வழியிலேயே ஒவ்வொரு கையாக இறங்கிவிட்டது. தலைநகரின் சாந்தோ தொமிங்கோ கோயிலுக்குள் தங்க முலாம் பூசிய கூரையைப் பார்த்தால், உள்ளூரில் தங்கிய கொஞ்சம் எங்கே போனது என்பதும் தெரியும்.

இஸ்பெயின் இந்த ரகசியத்தைக் கட்டிக் காத்தது. 1777இல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் மூலிகை தேடுபவர்போல வஹாக்காவுக்கு வந்து, பூச்சியோடு கள்ளி மடல்களைப் பெட்டியில் அடைத்துக் கரீபியத் தீவுக்குக் கடத்திப் போனார். சில ஆண்டுகளில் அவரும் இறந்தார், முயற்சியும் நின்றது. நம் பக்கமும் ஆசை வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது வேறு இனப் பூச்சி. சாயம் மட்டம், கள்ளியைத் தின்பதில் மட்டும் கெட்டி. கடைசியில் கள்ளிப் புதரை ஒழிக்கவே அதையும், 1926இல் இலங்கையிலிருந்து வந்த அதன் உறவுக்காரப் பூச்சியையும் தென்னிந்தியாவில் பரப்பினார்கள்.

19ஆம் நூற்றாண்டில் குவாத்தமாலாவும் கானரித் தீவுகளும் போட்டிக்கு வந்தன. 1856க்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் மொத்தச் சந்தையையும் விழுங்கின. ஊர்கள் மட்டும் கலையவில்லை. சுதந்திரத்துக்குப் பின் 1825இல் வந்த மாநில அரசியல் சட்டமே சின்னஞ்சிறு ஊருக்கும் தனி நிர்வாகம் தந்தது. சொந்த நிலமும் சொந்த எல்லைத் தகராறும் உள்ள ஊர் பக்கத்து ஊரோடு சேருமா? இன்று 570இல் 400க்கும் மேற்பட்டவை கட்சிகள் இல்லாமல், ஊர்க்கூட்டத்தில் மரபுப்படி தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன. 1995இல் அதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. கூலியில்லாமல் ஊர்வேலை செய்யும் ‘தெகியோ’ வழக்கமும் தொடர்கிறது. மாநில நிலத்தில் பெரும்பகுதி இன்றும் பொதுநிலம். அதை விற்க முடியாது, அடகு வைத்துத் தொழில் தொடங்கவும் முடியாது. பொருளாதார அறிஞர்கள் இதைப் பின்தங்கியதற்குக் காரணமாகச் சொல்வார்கள். பாதி உண்மை. சாலையும் பள்ளியும் மலையேறத் தாமதித்ததும், மக்காச்சோளம் விதைக்கும் துண்டுநிலம் ஒரு குடும்பத்துக்குப் போதாததும் மீதிப் பாதி.

இன்றைய வருமானம்? லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் டாலர், சுற்றுலா, காப்பி, கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிக்கும் மெஸ்கால் என்ற மது. மெக்ஸிகோவின் மெஸ்காலில் மிகப் பெரும்பங்கு இங்கே வடிப்பதுதான். கிழக்கே தெவாந்தெபெக் நிலச்சந்தி தனி உலகம். இரு பெருங்கடலுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். 1907இல் அங்கே ரயில் திறந்தார்கள், 1914இல் பனாமா கால்வாய் வந்து அதன் பிழைப்பைக் கெடுத்தது. இப்போது மறுபடி தண்டவாளம் புதுப்பித்திருக்கிறார்கள். லா வெந்தோசா பக்கம் லாரியைக் கவிழ்க்கும் காற்று. நாட்டின் பெரிய காற்றாலைத் தோட்டங்கள் அங்கேதான். கம்பெனிகள் மாட்டிக்கொள்வதும் அதே பொதுநில விவகாரத்தில்தான்.

உங்கள் மூன்றாவது கேள்வி. இன்று கோச்சினீலில் பெரும்பகுதி பெருவில் விளைகிறது. ஈ120 என்ற குறியோடு தயிர், மிட்டாய், உதட்டுச்சாயத்தில் சேர்கிறது. வஹாக்காவில் தெயோதித்லான் நெசவாளர்கள் கம்பளிக்கு இன்றும் போடுகிறார்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சு பக்கம் போகும், சுண்ணாம்பு சேர்த்தால் ஊதா. படிகாரம் ஏற்றிய கம்பளியும் பட்டும் நன்றாக வாங்கும். பருத்தி அப்படி வாங்காது. கடுக்காய் மாதிரித் துவர்ப்பும் படிகாரமும் ஏற்றினாலும் அந்த ஆழம் வராது. பனியன் துணிக்கு யோசிக்கவே வேண்டாம். பட்டு ஆர்டர் ஏதாவது கையில் இருந்தால் ஒரு கிலோ வரவழைத்துச் சோதித்துப் பாருங்கள்.