சிக்னல் பாலத்தைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: சிகாகோவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். தண்டவாளங்களுக்கு மேலே குறுக்காக நிற்கும் சிக்னல் பாலங்களை எங்கே படமெடுக்கலாம்? பச்சை விளக்கும் ரயிலும் ஒன்றாக விழ வேண்டும்.

பதில்: சிகாகோ–அரோரா தடத்துக்குப் போங்கள். 3 தண்டவாளங்கள். நடுப்பாதைக்குப் பக்கத்தில் கம்பம் நட இடமில்லாததால்தான் சிக்னலைப் பாலத்தில் ஏற்றுகிறார்கள். லா கிரேஞ்ச், ஹின்ஸ்டேல் நிலையங்களின் பிளாட்பாரத்தில் நின்று இருபுறமும் பாருங்கள், 200 மி.மீ. லென்ஸ் தேவைப்படும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிக்னல் தன்னை நோக்கி வரும் ஓட்டுநருக்குத்தான் முகம் காட்டும். ரயிலின் முகத்தை எடுத்தால் அந்தச் சிக்னலின் முதுகுதான் படத்தில் விழும். ஆகவே ரயிலின் பின்னால் நின்று, அது பாலத்தை நெருங்கும்போதே எடுங்கள். முதல் சக்கரம் சிக்னலைத் தாண்டியதுமே பச்சை சிவப்பாகிவிடும். தாமதித்தால் போச்சு.

விளக்கே எரியவில்லையா? பழுதென்று கிளம்பிவிடாதீர்கள். ரயில் நெருங்கினால் மட்டும் எரியும் சிக்னல்களும் உண்டு. அப்படிப்பட்ட சிக்னல் எரிந்தால் பெரும்பாலும் ரயில் வருகிறது என்று அர்த்தம். விளக்கு வெறும் வெள்ளைப் பொட்டாக விழுந்தால் எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் (ஒளியைப் பாதியாக) குறைத்துப் பாருங்கள், நிறம் திரும்பலாம்.

தண்டவாள ஓரம் ரயில் நிறுவனத்தின் தனிச்சொத்து. கால் வைத்தால் அத்துமீறல். பிளாட்பாரம், பொதுச்சாலை போதும். ஓட்டுநர் தவறினால் ரயிலைத் தானாகவே நிறுத்தும் பாதுகாப்பைக் கட்டாயமாக்கிய 2008 அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி நடந்த மாற்றங்களில் பழைய பாலங்கள் பல போய்விட்டன. ரிவெட் ஆணிகளால் இணைத்த, துருப்பிடித்த பழைய இரும்புப் பாலம் கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.